ஐந்து டின்களும் ஒரு சமையல் தராசும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்தார். அவர் தெருவில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இறந்துபோக, பிள்ளைகள் வீட்டைக் காலி செய்கிறார்கள். கராஜில் மேசை போட்டுச் சாமான்களைப் பரப்பி, வந்த விலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மேசை ஓரத்தில் ஐந்து பைப் புகையிலை டின்கள். பெரியவர் சில வருடம் அமெரிக்காவில் வேலை பார்த்தவராம், அதனால் இரண்டு நாட்டுச் சரக்கும் கலந்து கிடந்தது.

“அண்ணே, அஞ்சையும் எடுக்கக் காசு இல்ல. எடுத்தாலும் வீட்ல திட்டு விழும். ரெண்டு எடுக்கலாம். எதுன்னு சொல்லுங்க.”

கேமராவை ஒவ்வொன்றின் மேலும் காட்டினார். சட்டைப்பையில் செருகுகிற மாதிரி வளைந்த, சிவப்பு நிற பிரின்ஸ் ஆல்பர்ட் டின், திறந்தது. உயரமான வட்ட கேப்ஸ்டன் நேவி கட் டின், திறக்காதது. பால்கன் சொப்ரானி வெள்ளை டின். திறக்காதது, ஆனால் மூடி விளிம்பில் துரு. டன்ஹில் நைட்கேப், தட்டை வட்ட டின். திறக்காதது, அடியில் பார்கோடு. கடைசியாக மெக்லெலண்ட் நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் சியர், மேலே வளையத்தை இழுத்துத் திறக்கிற டின், அதுவும் திறக்காதது.

சுங்கான், அதாவது பைப், பிடிக்கிற யாரிடமும் இந்தப் பட்டியலைக் காட்டினால், கண் நேராக மூன்றாவது டின்னுக்குத்தான் போகும். சொப்ரானி என்றால் அப்படி ஒரு பெயர். என் நண்பரும் அதைத்தான் எடுக்கச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் சொன்னது வேறு: “பெயரை விடுங்க. முதல்ல ஒவ்வொண்ணையும் காதுகிட்ட வெச்சு மெல்ல ஆட்டுங்க.”

பழைய டின் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயரை முதலில் பார்க்கிறார்கள், அப்புறம் உள்ளே என்ன இலை என்று பார்க்கிறார்கள், மூடியைக் கடைசியில் பார்க்கிறார்கள், சில பேர் பார்ப்பதே இல்லை. நான் இதைத் தலைகீழாகச் செய்வேன். உள்ளே காற்று புகாமல் 30 வருடம் இருந்திருந்தால், சாதாரணப் புகையிலைகூட நன்றாக இருக்கும். காற்று புகுந்துவிட்டால் உலகத்தின் மிக உயர்ந்த கலவையும் காய்ந்த தேயிலைத் தூள்தான். ஆகவே நாம் விலை கொடுப்பது மூடிக்கு. பெயர் அதன்மேல் ஒட்டிய காகிதம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆரம்பத்தில் ஒரு நீள்சதுர டின் வாங்கினேன். பெயர் சொல்ல மாட்டேன், நல்ல பெயர்தான். 20 வயதுக்கு மேல் ஆன வர்ஜீனியா தகடுகள் (வர்ஜீனியா வகை இலையை அழுத்தித் தகடு தகடாக வெட்டியது) என்று விற்றவர் சொன்னார். வெளியே பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து மூலையில் நாணயத்தை நுழைத்துத் திருப்பினேன். சத்தமே இல்லை. மூடி அப்படியே கழன்று வந்தது. உள்ளே வெள்ளைக் காகிதத்தில் பழுப்பு வளையம், அதன் கீழே டின்னின் அடி மூலையில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. துரு உள்ளேயிருந்து வெளியே அரித்திருக்கிறது. தகட்டை எடுத்தால் விரலிடையில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அன்றைக்குக் கொடுத்த பணத்தில் புதிய டின் நாலு வாங்கியிருக்கலாம்.

சரி, மூடிகளுக்கு வருவோம். இதில்தான் உண்மையான ஒப்பீடு இருக்கிறது.

பிரின்ஸ் ஆல்பர்ட் மாதிரியான அமெரிக்கச் சட்டைப்பை டின்னுக்கு மேலே கீல் வைத்த சின்ன மூடி. கட்டைவிரலால் தள்ளினால் திறக்கும், தட்டினால் மூடும். தினம் பத்துத் தடவை திறந்து மூடுவதற்காகச் செய்தது. வருடக்கணக்கில் காற்றைத் தடுப்பதற்காக அல்ல. இந்த வகையில் திறக்காத டின் கிடைத்தால்கூட உள்ளே காய்ந்துதான் இருக்கும். உள்ளடக்கத்துக்காக இதை வாங்குவது வீண்.

தட்டை வட்ட டின்கள் வேறு வேலை செய்கின்றன. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடுவார்கள். வெளிக்காற்றின் அழுத்தமே மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூடிக்கும் உடலுக்கும் இடையில் நாணயத்தை வைத்துத் திருப்பினால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும். வட்டம் என்பதால் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். ஒரு இடம் மட்டும் பலவீனமாக இருக்காது. நீள்சதுரத்தில் இதே தத்துவம்தான், ஆனால் நாலு மூலைகளிலும் ரப்பர் வளையம் சரியாக உட்கார வேண்டும். தபாலில் வரும்போது ஒரு பக்கம் அழுந்தினாலே மூலை கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். தகடாக வெட்டிய ஈரமான, சர்க்கரை மிகுந்த வர்ஜீனியாவைப் பெரும்பாலும் இந்த நீள்சதுர டின்னில்தான் அடைக்கிறார்கள். தகடு நீளமாக இருப்பதால் அதற்கு அது வசதி. மிக நன்றாக முதிரக்கூடிய இலை, மிகச் சுலபமாகத் தோற்கிற டின்னில் போகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

கேப்ஸ்டன் உயர வட்ட டின் பழைய காலத்துக் கெட்டிக்காரத்தனம். மேல் மூடிக்குள் ஒரு சின்னக் கத்திப் பல் மடங்கியிருக்கும். அதன் கீழே டின்னோடு சேர்ந்தே ஒரு மெல்லிய தகரத் தட்டு காற்றுப் புகாமல் மூடியிருக்கும். பல்லைக் கீழே அழுத்தி மூடியைச் சுற்றினால் அந்தத் தட்டை அது வட்டமாக வெட்டிக் கொடுக்கும். கப்பலில் ஏறி வெயிலும் ஈரமும் உள்ள நாடுகளுக்குப் போகிற சரக்குக்காக இந்த ஏற்பாடு. சிகரெட்டும் 50 எண்ணம் கொண்ட இதே மாதிரி வட்ட டின்களில் நம் ஊருக்கும் இலங்கைக்கும் வந்து இறங்கியது. தாத்தா வீட்டு அலமாரியில் பொத்தான், ஊசி, செல்லாக்காசு போட்டு வைத்திருக்கும் வட்ட டின்னை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பாதி வீடுகளில் அது ஏதோ ஒரு சிகரெட் டின்னாகத்தான் இருக்கும். வெட்டப்படாத தகரத் தட்டுக்கு ரப்பரும் கிடையாது, வெற்றிடத்தை மட்டும் நம்பியும் இல்லை. துருப்பிடிக்காத வரைக்கும் அது காக்கும்.

இழுவை வளைய டின் மீன் டின்னுக்கு உறவுக்காரன். விளிம்பை இயந்திரத்தில் மடித்து நசுக்கி மூடுவது. எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான அடைப்பு பைப் புகையிலை டின்களில் இல்லை. அமெரிக்காவில் மெக்லெலண்ட் பயன்படுத்தியது இதைத்தான், கார்னெல் அண்ட் டீல் இன்றைக்கும் பயன்படுத்துகிறது. பார்க்க அழகில்லை. காகிதம் ஒட்டிய சாதாரண டப்பா. ஆனால் பத்து டின்னில் ஒன்பது தேறும்.

அப்புறம் சோதனை. மூடியின் நடுவில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்த வேண்டும். வெற்றிடம் இருந்தால் மூடி ஏற்கெனவே உள்ளே இழுத்துக்கொண்டு இறுக்கமாக இருக்கும், அசையாது. ‘டிக் டிக்’ என்று உள்ளே போய் வெளியே வந்தால் காற்று புகுந்துவிட்டது. மூடி மேலே உப்பியிருந்தால் பலர் கெட்டுப்போனது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உணவு டின்னுக்கு அந்தப் பயம் நியாயம். புகையிலை டின்னில் இலை உள்ளே நொதித்து வாயு வந்திருக்கிறது, அந்த வாயு வெளியேறவில்லை என்று அர்த்தம். அதாவது மூடி உயிரோடு இருக்கிறது. ஆட்டும்போது ‘சலசல’ என்று உலர்ந்த சருகுச் சத்தம் வந்தால் காய்ந்தது. ‘தொப்’ என்று ஒரே கட்டியாக விழுந்தால் ஈரம் இருக்கிறது. இறுக்கி அடைத்திருந்தால் சத்தமே வராது, அப்போது இந்தச் சோதனை பயனில்லை.

அதற்குத்தான் தராசு. நண்பர் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சமையல் தராசை எடுத்துவந்தார். கராஜில் நின்றவர்கள் சிரித்தார்களாம்.

கணக்கு இப்படி. டின்னில் 50 கிராம் என்று போட்டிருந்தால், அடைக்கும்போது அதில் சுமார் ஆறில் ஒரு பங்கு, எட்டு ஒன்பது கிராம், தண்ணீர் இருக்கும். மிச்சம் 41 கிராம் இலை. காற்று புகுந்தால் இலை ஓடிப்போகாது, தண்ணீர்தான் போகும். ஆக உள்ளே 49, 50 இருந்தால் மூடி நன்றாகக் காத்திருக்கிறது. 44, 45 என்றால் நொறுங்குகிற பதம். காலி டின்னின் எடை தெரிந்தால் போதும். நல்ல வேளையாக என் அலமாரியில் இதே மாதிரி இரண்டு காலி டின்கள் இருந்தன. டன்ஹில் வட்டம் 47 கிராம். நண்பருடையது 96. உள்ளே 49. சொப்ரானியின் காலி டின்னில் நான் தபால்தலை போட்டு வைத்திருந்தேன். கொட்டிவிட்டு எடை போட்டேன். கழித்துப் பார்த்தால் அவருடைய சொப்ரானியில் 44தான் தேறியது. உள்காகிதத்துக்கு ஒரு கிராம் விட்டால் இன்னும் மோசம்.

“அப்போ இது காலியா அண்ணே?” என்றார், கொஞ்சம் வருத்தமாக.

காலி இல்லை. பாதி. தண்ணீரைத் திரும்பக் கொடுக்கலாம்: அகலக் கிண்ணத்தில் பரப்பி, மேலே பிழிந்த ஈரத் துணியை இலையில் படாமல் போர்த்தி, சில மணிக்கு ஒருமுறை கிளறிவிட்டால் பதம் வந்துவிடும். ஆனால் தண்ணீரோடு சேர்ந்து போன வாசனை எண்ணெய்கள் திரும்பாது. நொறுங்கிய தகடு மறுபடி தகடாகாது.

மூடிக்கு அடுத்தது இலை. எல்லா இலையும் வயதானால் நன்றாகாது.

வர்ஜீனியாதான் முதிர்கிற இலை. சூடான காற்றுக் குழாய்கள் ஓடும் கொட்டகையில் வேகமாகப் பாடம் செய்வதால் அதில் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. டின்னுக்குள் முதலில் இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனில் ஒரு நொதிப்பு, அது தீர்ந்தபின் வருடக்கணக்கில் மெதுவான மாற்றம். மஞ்சள் இலை பழுப்பாகும், பழுப்பு கருக்கும். புதிதில் நாக்கைக் கடிக்கிற காரம் அடங்கி, உலர்ந்த திராட்சை மாதிரி ஒரு அடர்ந்த இனிப்பு வரும். ஐந்து வருடத்தில் வித்தியாசம் தெரியும், பத்துப் பதினைந்தில் நன்றாகத் தெரியும். சில நேரம் தகட்டின் மேல் வெள்ளையாகப் படிகம் பூத்திருக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். படிகம் வெளிச்சத்தில் மின்னும், வாசனை இருக்காது. பூஞ்சை பஞ்சு மாதிரி இருக்கும், ஈரச் சுவர் நாற்றம் அடிக்கும். பூஞ்சை என்றால் முழு டின்னும் குப்பைக்கு; ஒரு ஓரத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவது கூடாது.

லடாக்கியா கதை வேறு. சிரியாவின் துறைமுக ஊர் பெயரில் வழங்குவது, இப்போது சைப்ரஸ் வழி வருவது. வெயிலில் உலர்ந்த இலையை மாஸ்டிக் செடி, மிர்ட்டில், பைன், சைப்ரஸ் மரத்துண்டுகளின் புகையில் தொங்கவிட்டுக் கருக்க வைப்பார்கள். யாழ்ப்பாணத்துப் புகையிலைக் குடிலில் தேங்காய் மட்டைப் புகை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தெரியாது; எரிக்கிற பொருள்தான் வேறு. அந்தப் புகை வாசனைதான் லடாக்கியாவின் உயிர், அது வயதோடு மங்கும். இளமையில் அடுப்படி மாதிரி மணக்கிற கலவை, 20 வருடத்தில் பழைய தோல் பை மாதிரி மெல்லிய வாசனைக்கு வந்துவிடும். அது கெட்டுப்போனது இல்லை, சிலருக்கு அதுதான் பிடிக்கும். புகைக்காகத்தான் லடாக்கியாவைத் தேடுகிறீர்கள் என்றால் புதிய டின்னே மேல்.

பர்லி, பிரின்ஸ் ஆல்பர்ட்டில் இருப்பது, சர்க்கரை குறைவு. அதிகம் மாறாது. செர்ரி, வெனிலா என்று மேல்வாசனை தெளித்த கலவைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்; தெளித்தது முதலில் போய்விடும், அடியில் இருக்கிற இலை எப்படிப்பட்டது என்பது அப்போது தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வயதானால் புகையிலை சாதுவாகிவிடும், உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். வாயில் மென்மையாக இருப்பது நாக்குக்கு மட்டும்தான். நிக்கோட்டினும் இருக்கும், வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் இருக்கும். நான் வருடத்துக்கு நாலைந்து தடவைக்கு மேல் பற்றவைப்பதில்லை. திறந்து முகர்வதில்தான் பாதி சந்தோஷம்.

இப்போது பெயருக்கு வரலாம். ஏன் ஒரே பெயர் போட்ட இரண்டு டின்களுக்கு இவ்வளவு விலை வித்தியாசம் என்பதற்கு விடை, யார் எந்த ஊரில் கலந்தார்கள் என்பதில் இருக்கிறது.

டன்ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பிரட் டன்ஹில் 1907-ல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்தார். வாடிக்கையாளர் விருப்பத்துக்கு ஏற்பக் கலந்து, ஒவ்வொரு கலவைக்கும் எண் போட்டுப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். ‘மை மிக்ஸ்சர் 965’ என்ற புகழ்பெற்ற டின்னின் எண் அப்படி வந்ததுதான். 1981 வாக்கில் கலக்கும் வேலை பெல்ஃபாஸ்ட்டின் முர்ரே நிறுவனத்துக்குப் போனது. 2005-ல் அந்தத் தொழிற்சாலை மூடியதும் டென்மார்க்குக்குப் போனது. அப்புறம் டன்ஹில் பெயரே புகையிலை டின்னிலிருந்து எடுக்கப்பட்டு, 2019-லிருந்து அதே கலவைகள் பீட்டர்சன் என்ற அயர்லாந்து பைப் நிறுவனத்தின் பெயரில் வருகின்றன. சேகரிப்பவர்கள் ‘முர்ரேக்கு முன்’, ‘முர்ரே காலம்’, ‘டென்மார்க் காலம்’ என்றுதான் பேசுவார்கள். முர்ரேக்கு முந்தியதற்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. நண்பர் கையில் இருந்தது முர்ரே காலத்து நைட்கேப்: லடாக்கியா, வர்ஜீனியா, கீழ்த்திசை இலை (துருக்கி, கிரேக்கப் பக்கத்துச் சின்ன இலை), கொஞ்சம் பெரீக். லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் பீப்பாய்க்குள் அழுத்தி மாதக்கணக்கில் ஊற வைக்கிற இலை அந்தப் பெரீக். நம் ஊறுகாய் ஜாடி மாதிரி.

முர்ரே காலம் என்று முகத்தைச் சுளிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. முந்தியதும் இதுவும் வேறு வேறு என்பது சரி. ஆனால் வித்தியாசத்தில் எவ்வளவு கலவையால், எவ்வளவு கூடுதலாக ஆன வயதால் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. 1970-ல் அடைத்ததையும் 1995-ல் அடைத்ததையும் இன்றைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து ‘பழைய ஆட்களுக்குக் கைப்பக்குவம் இருந்தது’ என்று சொல்வது, பத்து வருட ஊறுகாயையும் போன வாரத்து ஊறுகாயையும் ஒப்பிட்டுப் பாட்டியைப் புகழ்வது மாதிரி.

சொப்ரானி 1879-ல் லண்டனில் தொடங்கிய பெயர். வெள்ளை டின்னில் வந்த ‘ஒரிஜினல் ஸ்மோக்கிங் மிக்ஸ்சர்’ லடாக்கியாவும் யெனிஜே என்ற கீழ்த்திசை இலையும் வர்ஜீனியாவும் சேர்ந்தது. கறுப்பு டின் 759 அதைவிடக் கனம். பின்னால் பெயர் கைமாறியது, இலையும் மாறியது, ஒரு கட்டத்தில் நின்றே போனது. ஜெர்சித் தீவின் ஜெர்மெய்ன் நிறுவனம் கலந்து, பிற்காலத்தில் மறுபடி அதே பெயரில் டின் வந்தது. இப்படி நடுவில் நின்றுபோன எதற்கும் ஒரு புராணம் உருவாகிவிடும். சொப்ரானிக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உருவாகியிருக்கிறது. நல்ல அடைப்போடு கிடைத்தால் வாங்குங்கள், நானும் வாங்குவேன். 44 கிராம் சொப்ரானிக்குப் புராணத்தின் விலை கொடுக்க மாட்டேன்.

த்ரீ நன்ஸ் என்ற இன்னொரு பைப் புகையிலை நண்பரின் மேசையில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழசுக்கும் புதுசுக்கும் நிஜமாகவே உள்ளடக்கம் மாறிய கதை அது. கிளாஸ்கோவின் பெல் நிறுவனத்தாருடையது. இலையைக் கயிறாகத் திரித்துச் சின்னச் சின்ன வட்டக் காசுகளாக வெட்டியது. பழையதில் பெரீக் இருந்தது. டென்மார்க்குக்குப் போனபின் வந்ததில் அதை எடுத்துவிட்டுக் கென்டக்கி இலையைப் போட்டார்கள். பெயர் அதே, காசு வடிவமும் கிட்டத்தட்ட அதே, வாயில் வேறு. இந்த மாதிரி இடத்தில் மட்டும் ‘பழைய டின்தான் வேண்டும்’ என்று பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் உண்டு. புதியதை எத்தனை வருடம் வைத்தாலும் பெரீக் முளைத்து வராது.

கேப்ஸ்டனைப் பற்றி நமக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிஸ்டலின் வில்ஸ் நிறுவனம் 1894-ல் கொண்டுவந்த பெயர். 1901-ல் இம்பீரியல் டொபாக்கோ உருவானபோது வில்ஸ் அதில் பெரிய பங்காளி. 1910-ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா என்று தொடங்கி இன்றைக்கு ஐ.டி.சி. ஆகியிருப்பதும் அந்த வம்சம்தான். பெட்டிக்கடையில் ‘வில்ஸ் ஒண்ணு’ என்று கேட்ட தலைமுறைக்குப் பைப்பில் அடைக்கிற கேப்ஸ்டன் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கலாம். மெல்லிய வர்ஜீனியாத் தகடுகள், வைக்கோல் மாதிரி இனிப்பு. இன்றைக்கும் டென்மார்க்கில் செய்து அதே பெயரில் விற்கிறார்கள்.

மெக்லெலண்ட் 1977-ல் தொடங்கி, கான்சாஸ் சிட்டியில் நடந்து, 2018-ல் கதவைச் சாத்திய நிறுவனம். தாங்கள் விரும்பிய தரத்தில் சிவப்பு வர்ஜீனியா இலை கிடைக்கவில்லை என்பதை ஒரு காரணமாகச் சொன்னார்கள். டின்னைத் திறந்ததும் தக்காளி கெட்சப் மாதிரி ஒரு புளிப்பு வாசனை அடிக்கும். முதல்முறை திறந்தபோது கெட்டுப்போனதாக நினைத்து ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஒரு வாரத்தில் அது அடங்கி, அடியில் இருந்த வர்ஜீனியா வந்தது. கிறிஸ்துமஸ் சியர் அவர்கள் வருடா வருடம் விட்ட வர்ஜீனியாத் தகடு, டின்னிலேயே வருடம் அச்சிட்டிருக்கும். நிறுவனம் மூடிய செய்தி வந்ததுமே கடைகளில் இருந்ததெல்லாம் காலியாகி, கைமாற்றுச் சந்தையில் விலை பல மடங்காகிவிட்டது.

வருடம் அச்சிட்டிருந்தால் தலைவலி இல்லை. மற்ற டின்களுக்கு வயது கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. பிரிட்டிஷ் டின்னில் விலை ஷில்லிங்கில் இருந்தால் 1971 பிப்ரவரிக்கு முந்தியது. எடை அவுன்ஸில் மட்டும் இருந்தால் பழையது, கிராமில் மட்டும் இருந்தால் பிந்தியது. பார்கோடு இருந்தால் 1970-களுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. விற்பவர் ‘அறுபதுகளில் வந்தது’ என்று சொல்லும்போது டின்னைத் திருப்பி அடியில் கோடுகளைக் காட்டினால் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பர் கேட்டார்: “இதுக்குப் பதிலா கடைல புதுசா வாங்கி நானே வெச்சிருந்தா என்ன?”

நல்ல கேள்வி. பல பேருக்கு அதுதான் சரியான வழி. இன்றைக்குக் கிடைக்கிற கேப்ஸ்டன் தகடோ, இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் 1792 முதல் பெயர் சொல்லிவரும் சாமுவேல் காவித்தின் ஃபுல் வர்ஜீனியா ஃபிளேக்கோ ஆறு டின் வாங்கி, ரப்பர் மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, தேதி எழுதி, இருட்டான அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான். ஐந்து வருடம் கழித்து ஒன்றைத் திறக்கலாம், பத்தில் இன்னொன்று. துருவும் இல்லை, ஏமாற்றும் இல்லை, வயது என்ன என்ற சந்தேகமும் இல்லை. கண்ணாடி ஜாடிக்கு நிகரான மூடி எந்த டின்னுக்கும் கிடையாது. ஒரே ஒரு குறை, பொறுமை வேண்டும். எனக்கு 40 வயதில் அது இருந்தது. 65 வயதுக்காரர் ஒருவர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டபோது நான் ஜாடியைப் பற்றிப் பேசவில்லை. நல்ல அடைப்புள்ள பழைய டின் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்க நினைப்பவர்கள் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் பைப் புகையிலைக்கு வரி எடையின்மேல். 40 வருடப் பழசு, அருங்காட்சியகப் பொருள் என்றெல்லாம் சுங்கத்தில் வாதாடிப் பயனில்லை. உள்ளே புகையிலை இருந்தால் அது புகையிலைதான்.

காலி டின் மட்டும் சேர்க்கிறவர்கள் இந்தத் தொல்லை எதுவும் இல்லாதவர்கள். சில நேரம் அவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்களுக்கு வேண்டியது தகரத்தில் அச்சான படமும் நிறமும் கீறல் இல்லாமல் இருப்பது. பிரின்ஸ் ஆல்பர்ட் டின்னில் நீளக் கோட்டு போட்டு நிற்கிறவர், பின்னால் ஏழாம் எட்வர்டு மன்னரான இளவரசர். 1907-ல் வந்த டின்னில் ஏற்கெனவே ராஜாவாகிவிட்டவரை இளவரசராகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கடைக்கு போன் போட்டு ‘டப்பாவில் பிரின்ஸ் ஆல்பர்ட் இருக்கிறாரா?’ என்று கேட்டு, ‘இருக்கிறது’ என்றதும் ‘மூச்சு முட்டும், வெளியே விடுங்கள்’ என்று வைத்துவிடுவது பிள்ளைகளின் பழைய விளையாட்டு. இந்த டின் லட்சக்கணக்கில் அச்சானது என்பதால் விலை மலிவு. சேகரிப்பைத் தொடங்க நல்ல டின். தூரில் துரு இருந்தாலும் முகம் நன்றாக இருந்தால் எடுக்கலாம். அடைத்த டின்னில் நேர்மாறு: முகம் கீறியிருக்கலாம், தூரில் துரு கூடாது.

கேப்ஸ்டனில் எனக்கு ஆசை இருந்தது. ஆனால் கேமராவை அடிப்பக்கம் காட்டச் சொன்னபோது ஒட்டுக்கோடு முழுவதும் பழுப்பேறியிருந்தது. ஆட்டினால் சருகுச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு கெட்டிக்காரத்தனமான மூடியும் அடித்தகரம் அரித்தபின் என்ன செய்யும்?

கடைசியில் அவர் எடுத்தது நைட்கேப்பும் கிறிஸ்துமஸ் சியரும். ஒன்று திறக்க, ஒன்று வைக்க. லடாக்கியா ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருக்கும், இனியும் வைத்திருப்பதில் லாபம் இல்லை. வர்ஜீனியாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. சொப்ரானியைக் கையில் எடுத்து இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாராம். அவருக்குப் பின்னால் நின்றவர் உடனே எடுத்துக்கொண்டாராம், தராசைக் கேட்கக்கூட இல்லை.

அன்று ராத்திரி மறுபடி அழைத்தார். டன்ஹில் டின்னைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பத்து பென்ஸ் நாணயத்தை இடுக்கில் வைத்துத் திருப்பினார். முதல் தடவை நாணயம் வழுக்கியது. இரண்டாவது தடவை ‘உஸ்’.

“கேட்டுச்சா அண்ணே?”

கேட்டது. முப்பது வருடத்துக்கு முந்தி பெல்ஃபாஸ்ட்டில் உறிஞ்சி எடுத்த காற்றின் இடத்தை அவர் வீட்டு அடுக்களைக் காற்று நிரப்புகிற சத்தம். பக்கத்தில் யாரோ ரசம் தாளித்துக்கொண்டிருந்தார்கள். “கதவைச் சாத்திட்டு முகருங்க,” என்றேன்.